எட்டு வருடப் பாட்டுக்கு எத்தனை கிரெடிட்?

ஆவடி ரயில் நிலையம். டிசம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஏழு மணி. சென்ட்ரல் போகும் மின்சார ரயிலுக்கு நிற்கிற கூட்டத்தில் டிபன் பை தூக்கியவர்களைவிடப் பிள்ளைகள்தான் அதிகம். உறை போட்ட வயலினை நெஞ்சோடு அணைத்தபடி பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன்; பக்கத்தில் அவன் அம்மா. இரண்டடி தள்ளி, சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து கையகல அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள் ஓர் இன்ஜினீயரிங் மாணவி. அட்டையின் ஒரு பக்கம் ஜப்பானிய எழுத்து, மறுபக்கம் தமிழில் பொருள். அன்று அவளுக்கு ஜப்பானிய மொழித் திறன் தேர்வு.

"இதுக்குக் காலேஜ்ல மார்க் ஏதாவது போடுவாங்களாம்மா?" என்று கேட்கிறார் வயலின் பையனின் அம்மா.

"மார்க்கும் இல்ல, கிரெடிட்டும் இல்ல ஆன்ட்டி. ஒரகடத்துல இன்டர்வியூவுக்கு உதவும்னு சீனியர்ஸ் சொன்னாங்க."

"அப்ப இவன் எட்டு வருஷமா வாசிக்கிறதுக்கு?"

அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பிள்ளை வளர்க்கும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இதே கேள்வி இருக்கிறது. இந்தப் பக்கத் தெருக்களில் நடந்தாலே தெரியும். மாடிப்படிக்குக் கீழே 'பாட்டு, வீணை, கீபோர்டு' என்று ஒரு பலகை. எதிர்வீட்டு கேட்டில் 'இந்தி ட்யூஷன் - பிராத்மிக் முதல் பிரவீண் வரை'. முகப்பேர் பக்கம் போனால் ஜெர்மன், பிரெஞ்சு. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்கூட்டியின் முன்பக்கம் மிருதங்கப் பை, பின்பக்கம் பிள்ளை என்று அம்மாக்கள் கிளம்புகிறார்கள். அந்த உழைப்புக்கெல்லாம் தேர்வு இருக்கிறது, சான்றிதழும் இருக்கிறது. கல்லூரி வாசலில் மட்டும் அந்தச் சான்றிதழுக்கு எண்ணிக்கை இல்லை.

ஒரு ஃபைல் நிறைய காகிதம்

இந்தப் பிள்ளைகள் என்னென்ன தேர்வு எழுதுகிறார்கள்?

முதலில் நம் அரசே நடத்தும் தேர்வு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் தொழில்நுட்பத் தேர்வுகள் என்ற பெயரில் ஓவியம், தையல், இந்திய இசை, நடனம் ஆகியவற்றுக்குத் தேர்வு நடத்துகிறது. டைப்ரைட்டிங் போலவே இதிலும் லோயர், ஹையர் என்று இரண்டு படி. ஹையர் முடித்து, ஆசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியும் பெற்றால் பள்ளியில் பாட்டு ஆசிரியர் வேலைக்குத் தகுதி வரும். அதாவது, பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்க இந்தச் சான்றிதழை அரசு நம்புகிறது.

அடுத்தது தி.நகரில் இருக்கும் தட்சிண பாரத இந்தி பிரச்சார சபை. 1918-ல் காந்தியடிகள் தொடங்கி வைத்தது. 1964-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. பள்ளியில் இருமொழிக் கொள்கை இருக்கும் மாநிலத்தில், பள்ளிக்கு வெளியே அவரவர் விருப்பத்தில் பிள்ளைகள் இந்தத் தேர்வுகளை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் என்று பல மாநிலத்தவரும் கலந்து வாழும் ஆவடியில் இதற்கு எப்போதும் கூட்டம் உண்டு.

மேற்கத்திய இசைக்கு லண்டன் டிரினிட்டி காலேஜ் அல்லது ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும் கிரேடு தேர்வுகள். அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிகல் கடைப் படியில், டிரினிட்டி பாடப் புத்தகம் வாங்க வந்த பெற்றோரை இன்றும் பார்க்கலாம். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு நிலைகள். ஜப்பானியத்துக்கு என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள், ஆண்டுக்கு இரண்டு முறை: ஜூலை, டிசம்பர்.

இந்த மொழிகளுக்குத் தேவை இல்லாமல் இல்லை. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய். ஒரகடத்தில் ஜெர்மனியின் டெய்ம்லர் 2012-ல் திறந்த லாரி ஆலை; அதற்கு முன்பே ரெனால்ட்-நிசான் கூட்டாகத் திறந்த கார் ஆலை. அந்த ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் பட்டறைகள் அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க. நாலு வார்த்தை ஜப்பானியம் பேசத் தெரிந்த இன்ஜினீயருக்கு இந்தப் பாதையில் மதிப்பு உண்டு. தொழிற்சாலை மதிக்கிற திறமையைக் கல்லூரி கணக்கில் எடுப்பதில்லை.

▪▪▪
பெட்டி 1: கிரெடிட் கணக்கு

• தேசிய கிரெடிட் சட்டகம் 2023 ஏப்ரலில் வெளியானது. அதன்படி 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். ஓர் ஆண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட்.

• பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) கணக்கில் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளின் மாதிரிப் பாடத்திட்டத்தில் மூன்றாண்டுப் பட்டம் 140 கிரெடிட்.

• வாரம் இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 45 வாரம், எட்டு ஆண்டு பாட்டு வகுப்பு: 720 மணி. முப்பதால் வகுத்தால் 24. வீட்டில் சாதகம் செய்த நேரம் இதில் சேரவில்லை.
▪▪▪

கதவு இருக்கிறது, சாவி மாணவரிடம் இல்லை

அந்த 24 கிரெடிட்டை அப்படியே கொடுத்துவிட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நேரத்தை எண்ணினால் மட்டும் கிரெடிட் ஆகாது என்று சட்டகமே சொல்கிறது. மதிப்பீடு வேண்டும், நிலையும் பொருந்த வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு 4-வது நிலை, பட்டப்படிப்பின் முதலாண்டு 4.5-வது நிலை. ஐந்தாம் வகுப்பில் பாடிய சரளி வரிசைக்குக் கல்லூரி கிரெடிட் கேட்பது முறையில்லை. ஆனால் வர்ணம், கிருதி, ராக ஆலாபனை என்று ஒரு பிள்ளை எட்டாம் வருடத்தில் பாடுவதும், இசைக் கல்லூரியில் முதலாண்டில் கற்பிப்பதும் நெருங்கிய உறவு கொண்டவை. அதற்குப் பூஜ்யம் போடுவது என்ன நியாயம்?

இசை, நிகழ்த்துகலை, கைவினை, விளையாட்டு எல்லாவற்றையும் மதிப்பிட்டு கிரெடிட் ஆக்கலாம் என்கிறது அந்தச் சட்டகம். அதைச் சேர்த்து வைக்க 2021-லேயே கல்விக் கிரெடிட் வங்கி வந்துவிட்டது. டிஜிலாக்கர் வழியாக மாணவர் கணக்கு தொடங்கலாம்; சேர்த்த கிரெடிட் அதிகபட்சம் ஏழு ஆண்டு செல்லும். நல்ல ஏற்பாடுதான். சிக்கல் எங்கே என்றால், இந்த வங்கியில் மாணவர் நேரடியாகப் பணம் கட்ட முடியாது. பதிவு பெற்ற கல்வி நிறுவனம்தான் கிரெடிட்டை அனுப்ப வேண்டும். மாணவர் கொண்டுவரும் காகிதத்தை வங்கி வாங்காது. பாட்டு டீச்சரும் இந்தி ட்யூஷன் அக்காவும் பதிவு பெற்ற நிறுவனம் ஆக மாட்டார்கள். ஆகவே ஒரு கல்லூரி முன்வந்து, 'இந்தப் பிள்ளையைச் சோதித்தோம், இவ்வளவு தகும்' என்று சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்லும் நடைமுறை நம் பக்கத்துக் கல்லூரிகளில் இல்லை.

இதில் மனதை மிகவும் உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தின் இணையப் படிப்புகளிலிருந்து ஒரு பருவத்தின் 40 சதவீதம் வரை கிரெடிட் எடுத்துக்கொள்ள 2021 முதல் யூ.ஜி.சி. அனுமதிக்கிறது. அதன் அங்கமான என்.பி.டெல். படிப்புகளில் பன்னிரண்டு வாரப் பாடம் முடித்தால் மூன்று கிரெடிட். கர்நாடக இசையை எப்படிக் கேட்டு ரசிப்பது என்பதற்கே ஐ.ஐ.டி. மெட்ராஸ் வழியாக அங்கே படிப்பு வந்திருக்கிறது. பாட்டைக் கேட்கக் கற்பதற்குக் கிரெடிட் வழி இருக்கிறது. பாடக் கற்றதற்கு இல்லை.

தெரிந்த பாடத்தை மறுபடி படிக்கும் பிள்ளைகள்

சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் முதல் பகுதி மொழிப்பாடம். தமிழ் எடுக்கலாம், அல்லது இந்தி, பிரெஞ்சு, சமஸ்கிருதம் போன்ற வேறு மொழி. நான்கு பருவம், பருவத்துக்கு மூன்று கிரெடிட், மொத்தம் பன்னிரண்டு. சபையில் பிரவீண் வரை முடித்த பெண் இங்கே இந்தி எடுத்தால் முதல் பருவத்திலிருந்து உட்கார வேண்டும். பிரெஞ்சில் பி1 முடித்த பையன், வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் வருகைப்பதிவுக்காக உட்கார்ந்திருக்கிறான். சுலபமாக மார்க் வரும் என்று பிள்ளைகளே இதை ஏற்றுக்கொள்கிறார்கள். மார்க் வரும், சரி. அந்த நேரத்தில் அவன் பி2-வுக்குப் போயிருக்கலாம், அல்லது ஒரு புது மொழியைத் தொட்டிருக்கலாம். வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஓர் இளைஞனின் வாழ்க்கையிலிருந்து போகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆவடியின் கேந்திரிய வித்யாலயாக்களில் தமிழே படிக்காமல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வேறு மொழி எடுக்கும் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் 'அடிப்படைத் தமிழ்' என்ற பாடம் உண்டு. அதற்குக் கிரெடிட்டும் உண்டு. உயிர்மெய் எழுத்திலிருந்து தொடங்கி ஓராண்டில் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொள்ளும் ஒரு பீகாரிப் பிள்ளைக்கு இந்த மண் தரும் நல்ல வரவேற்பு அது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரம் நட்டாலும் விரிவாக்கப் பணிக்கு ஒரு கிரெடிட் உண்டு. அதுவும் சரியே. அப்படியானால் கிரெடிட் என்பது வகுப்பறைக்கு மட்டும் சொந்தம் என்ற வாதம் ஏற்கெனவே உடைந்துவிட்டது. பாட்டும் மொழியும் மட்டும் ஏன் வெளியே நிற்கின்றன?

இதன் விளைவு கல்லூரியில் தொடங்குவதில்லை, ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. திருமுல்லைவாயில் பக்கத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சர் சொன்னார்: "ஏப்ரல் மாசம் வந்தா பயமா இருக்கும் சார். பத்தாவது போறா, அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிட்டு நிறுத்திடுவாங்க. அந்த 'அப்புறம்' வந்ததே இல்ல." கணக்கு ட்யூஷனுக்குப் பலன் மதிப்பெண்ணாகத் தெரிகிறது. பாட்டு வகுப்புக்கு அப்படி எதுவும் தெரிவதில்லை. குரல் பக்குவப்படும் வயதில், கை படியும் வயதில், வீணை பரண் மேல் ஏறுகிறது. பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது.

கடல் கடந்தால் தமிழுக்கே கிரெடிட்

அதே பிள்ளையின் பெரியப்பா மகள் மினசோட்டாவில் இருந்தால் கதை வேறு. அமெரிக்காவில் இருமொழி முத்திரை என்று ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியா 2011-ல் சட்டம் இயற்றி முன்னெடுத்தது. பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவியது. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி காட்டினால் பள்ளி முடிக்கும்போது சான்றிதழில் முத்திரை கிடைக்கும். மினசோட்டாவில் இந்த முத்திரை பெற்றவருக்கு மாநிலக் கல்லூரிகள் நான்கு பருவம் வரையிலான மொழிப்பாடத்துக்கு ஈடான கிரெடிட் தருகின்றன. பள்ளி முடித்த மூன்று கல்வியாண்டுக்குள் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தேர்ச்சியைக் காட்டப் பயன்படும் தேர்வுகளில் தமிழும் இருக்கிறது. சனி ஞாயிறுகளில் தமிழ்ப்பள்ளிக்கு ஓடிய பிள்ளைக்கு அது கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி மிச்சம்.

எல்லாம் அங்கே பொன்னாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பள்ளியிலேயே கல்லூரி கிரெடிட் தரும் ஏ.பி. தேர்வுகளில் ஸ்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், சீனம், ஜப்பானியம், லத்தீன் இருக்கின்றன. இசைக் கோட்பாடும் இருக்கிறது. ஓர் இந்திய மொழிகூட இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் தமிழ் ஒரு மேல்நிலைப் பாடம். அதன் மதிப்பெண் பல்கலைக்கழகச் சேர்க்கைக் கணக்கில் சேர்கிறது. இலங்கையில் உயர்தரத் தேர்வுக்கே கர்நாடக சங்கீதம் ஒரு பாடமாக இருக்கிறது. அதைப் படித்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசைப் படிப்பு வரை நேர் பாதையில் போகலாம்.

▪▪▪
பெட்டி 2: அம்பத்தூரில் வாசித்தால் லண்டனில் புள்ளி

• பிரிட்டன் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸ், இசை கிரேடு 6, 7, 8 தேர்வுகளுக்குப் புள்ளி தருகிறது.

• செய்முறைத் தேர்வில் கிரேடு 8: தேர்ச்சிக்கு 18, மெரிட்டுக்கு 24, டிஸ்டிங்ஷனுக்கு 30 புள்ளி. கிரேடு 6: முறையே 8, 10, 12.

• இது சேர்க்கைக்கான புள்ளி. பட்டத்துக்கான கிரெடிட் கிடையாது. எல்லாப் பல்கலைக்கழகமும் எல்லாப் பாடத்துக்கும் இதை ஏற்பதும் இல்லை. வெளிநாடு செல்ல நினைக்கும் பெற்றோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.
▪▪▪

கிண்டியிலிருந்து ஒரு முன்மாதிரி

நம் ஊரிலேயே ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2025-26 கல்வியாண்டில் நுண்கலை, பண்பாட்டுச் சிறப்புச் சேர்க்கையைத் தொடங்கியது. ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடம், அதில் ஒன்று பெண்களுக்கு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசையில் இடம்பெற்றிருக்க வேண்டும். அதோடு தேசிய அளவிலான கலை விருது, கலாசார உதவித்தொகை, வானொலி தரச்சான்று போன்ற அங்கீகாரங்களுக்கு மதிப்பெண் உண்டு. இது கிரெடிட் இல்லை, சேர்க்கைதான். எண்ணிக்கையும் சிறிது. ஆனாலும் மிருதங்கம் வாசிக்கும் பிள்ளைக்கு இன்ஜினீயரிங் வாசலில் நாட்டின் முதல்தர நிறுவனம் மதிப்பளித்தது என்பது பெரிய விஷயம். எந்தச் சான்று செல்லும், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று பட்டியல் போட முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

பயங்கள் நியாயமானவை

இதை எதிர்ப்பவர்களிடமும் பேச வேண்டும். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

மொழித்துறைப் பேராசிரியர்களின் பயம் வேலை பற்றியது. வெளிச் சான்றிதழுக்குப் பாட விலக்கு கொடுத்தால் வகுப்பு குறையும். வகுப்பு குறைந்தால் பணியிடம் குறையும். முதலில் அடிபடுவது கௌரவ விரிவுரையாளர்கள். இதற்கு ஒரே பதில்தான்: விலக்கு பெறும் மாணவருக்கு அதே துறை அடுத்த நிலைப் பாடத்தை நடத்த வேண்டும். முதல் படியில் காலியாகும் வகுப்பு மூன்றாம் படியில் நிறைய வேண்டும்.

அடுத்தது இந்தி. சபைத் தேர்வுக்குக் கிரெடிட் என்றாலே மூன்றாம் மொழியைப் பின்வாசல் வழியே கொண்டுவருகிறார்கள் என்ற சந்தேகம் எழும். 1968 முதல் இருமொழிக் கொள்கையில் நிற்கும் மாநிலம் இது. 2025 ஆகஸ்ட் 8-ல் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையிலும் அதை உறுதி செய்தது. தேசியக் கல்விக் கொள்கையின் வழி வந்தது என்பதாலேயே கிரெடிட் சட்டகத்தின் மீதும் இங்கே தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்துக்கு வரலாறு இருக்கிறது, மதிக்கிறோம். ஆனால் எந்த மொழியையும் கட்டாயமாக்காமல், மாணவர் தானே விரும்பிக் கற்றதை மட்டும், எல்லா மொழிக்கும் ஒரே அளவுகோலில் எண்ணினால் அதில் திணிப்பு எங்கே வருகிறது? தமிழ்நாடு தன் சொந்த விதியாகவே இதை வகுக்கலாம். தமிழுக்கு 2001 முதல் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் சான்றிதழ், பட்டயம் என்று படிப்படியாகத் தேர்வு நடத்துகிறது. தமிழ் கற்ற வெளிமாநிலப் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழிலிருந்தே தொடங்கலாமே.

மூன்றாவது பயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கிரெடிட் கொடுத்தால் அது காசுள்ளவர் வீட்டுக்குத்தான் போகும். டிரினிட்டி தேர்வுக் கட்டணமும் ஜெர்மன் தேர்வுக் கட்டணமும் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ஒருவரின் மாதச் சம்பளத்தில் பெரிய துண்டைக் கேட்கும். கோயில் வாசலில் நாகஸ்வரம் வாசிப்பவரின் மகனுக்கு, அப்பாவிடமே கற்ற கலைக்கு எந்தச் சான்றிதழும் இருக்காது. பறையும் தெருக்கூத்தும் எந்த கிரேடிலும் வராது. பூந்தமல்லியில் அரசு பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளை வாசிக்கக்கூடிய வடிவில் இசைத் தேர்வின் எழுத்துத் தாள் வருமா? இவர்களை விட்டுவிட்டு, லண்டன் முத்திரை இருந்தால் கிரெடிட் என்று விதி எழுதினால், இப்போது இருக்கும் பூஜ்யமே மேல்.

தேர்வின் தரமும் ஒரே மாதிரி கிடையாது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுக்கும் எழுதிக் காட்டுவதற்கும் பகுதியே இல்லை. வாசித்தல், கேட்டல், சொல், இலக்கணம் மட்டும். ஐரோப்பிய மொழித் தேர்வுகளில் பேசியே ஆக வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

செய்யக்கூடியது இது

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் என் முடிவு தெளிவாகவே இருக்கிறது. காகிதத்துக்குக் கிரெடிட் கொடுக்க வேண்டாம், பிள்ளைக்குக் கொடுங்கள். கல்லூரி திறந்ததும் ஜூலையில் ஒரு வாரம், கல்லூரியே ஒரு திறன் தேர்வு நடத்தட்டும். பாடத் தெரிந்தவர் பாடட்டும், பறை தெரிந்தவர் அடிக்கட்டும், ஜெர்மன் தெரிந்தவர் பேசட்டும். சான்றிதழ் இருந்தால் துணைக்கு வரட்டும். இல்லாவிட்டாலும் உள்ளே விடுங்கள். மதிப்பிட ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. மாநிலத்துக்கென்று இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் 2013 முதல் இருக்கிறது, அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே இந்திய இசைத்துறை 1932 முதல் நடக்கிறது. இவர்களிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு ஒரு நாளில் நாற்பது பிள்ளைகளைக் கேட்டுவிடலாம்.

நான்கு கிரெடிட், மிஞ்சினால் ஆறு. 140-ல் ஆறு பெரிய எண் இல்லை. ஒரு வீணை பரண் ஏறாமல் இருக்க அது போதும்.

உயர்கல்வித் துறைக்கு நம் வேண்டுகோள்: அரசே நடத்தும் இந்திய இசை ஹையர் தேர்விலிருந்து தொடங்குங்கள். அதன் கட்டணம் எளியவருக்கும் கட்டுப்படியாகும். அதன் தரத்துக்கு அரசே பொறுப்பு. ஒரு கல்வியாண்டுக்கு இந்த மேற்குப் புறநகரின் சில கல்லூரிகளில் மட்டும் சோதித்துப் பாருங்கள். பட்டாபிராம் முதல் பூந்தமல்லி வரை இங்கே கல்லூரிக்கும் பஞ்சமில்லை, பாடுகிற பிள்ளைக்கும் பஞ்சமில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சான்றிதழோடு பாடத்திட்ட நகல், வகுப்புக்குப் போன ஆண்டுகளின் குறிப்பு, ஆசிரியரின் கடிதம், பிள்ளை பாடிய அல்லது பேசிய பதிவு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் பத்திரப்படுத்துங்கள். கல்லூரியில் சேரும் நாளில் அந்த ஃபைலை எடுத்துப்போய், இதற்கு என்ன தருவீர்கள் என்று முதல்வரிடம் கேளுங்கள். பத்தாம் வகுப்பு வந்துவிட்டது என்பதற்காகப் பாட்டு வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.